மகளின் பிரேஸும் பழைய கார்செட்டும்: ஒரு தையல்காரியின் அனுபவம்

கார்செட், அதாவது இடுப்பை இறுக்கிக் கட்டுகிற விறைப்பான உள்ளாடை, என்றதும் நம்மில் பலருக்கும் ஞாபகம் வருவது, ஆங்கிலப் படங்களில் எஜமானியம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்க, வேலைக்காரப் பெண் பின்னால் நின்று கயிற்றை இழுக்கும் காட்சிதான். திருப்பூரில் வீட்டு முன்னறையில் பிளவுஸும் சுடிதாரும் தைக்கிற எனக்கு அதற்கு மேல் தெரிந்துகொள்ளத் தேவையும் இருந்ததில்லை. ஆனால் என் மகள் ஏழாம் வகுப்பில் தொடங்கி வளர்ச்சி நிற்கும்வரை பிளாஸ்டிக்கில் செய்த ஒரு கார்செட்டைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்குப் போனாள், டியூஷனுக்குப் போனாள், படுத்துத் தூங்கினாள். டாக்டர்கள் அதை பிரேஸ் என்பார்கள், முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைகிற ஸ்கோலியோசிஸுக்குக் கொடுப்பது. அதை முதல் முறை கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தபோதே இது எங்கள் தொழிலிலிருந்து கிளம்பிப்போன பொருள் என்று தோன்றிவிட்டது. அப்புறம் அவள் தூங்கின பிறகு போனை வைத்துக்கொண்டு அதன் பூர்வீகத்தைத் தேடிப் படிப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. இப்போது பிரேஸுக்கு எழுதிக்கொடுத்த சீட்டோடு பயந்துபோய் வருகிற அம்மாக்கள் என்னிடம் பேசுகிறார்கள், ஒவ்வொருவரிடமும் சொல்வதை ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்றுதான் இது.

யூனிபார்ம் தைக்க அளவெடுக்கும்போதுதான் முதலில் தெரிந்தது. வலது தோளிலிருந்து இடுப்புவரை ஓர் அளவு, இடது பக்கம் வேறு அளவு. டேப்பை மாற்றிப் பிடித்தும் அதேதான் வந்தது. பழைய டாப்பைப் போடச் சொன்னால் கீழ் ஓரம் ஒரு பக்கம் ஏறி நின்றது, என் வெட்டில் தப்பிருந்தால் எனக்குத் தெரியும், இது வெட்டில் வந்தது இல்லை. குனியச் சொன்னேன். வலது விலாப்பக்கம் மட்டும் மேடாக எழுந்து நின்றது. டாக்டர் செய்கிற முதல் சோதனையும் இந்தக் குனிகிற சோதனைதான், ஆடம்ஸ் சோதனை என்று பெயர். வீட்டில் பத்து வயதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் அவ்வப்போது முதுகு தெரியக் குனியச் சொல்லிப் பாருங்கள், காசா பணமா. பையன்களுக்கும் வரும், ஆனால் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு வளைவு கூடிக்கொண்டே போவது பெண்பிள்ளைகளிடம்தான் அதிகம். பெரும்பாலும் வலி இருக்காது, அதனால்தான் கவனத்துக்கு வராமலே போய்விடுகிறது.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். புத்தகப் பை, பால் குடிக்காதது, கோணலாக உட்கார்ந்து எழுதுவது, நான் சின்ன வயதில் இடுப்பில் தூக்கியது எல்லாம் வந்தது. இந்த வயதில் வருகிற வகைக்குக் காரணம் பெரும்பாலும் தெரிவதில்லை, குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடும், பைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். இதைப் பிள்ளையின் காதில் விழுகிற மாதிரிச் சொல்லச் சொல்லுங்கள். தன்னால்தான் முதுகு வளைந்தது என்று அவர்கள் மனதுக்குள் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

எக்ஸ்ரே நின்றபடி எடுக்க வேண்டும், படுக்கவைத்து எடுத்தால் வளைவு குறைவாகத் தெரியும். அதில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று காப் கோணம், அமெரிக்க டாக்டர் ஜான் காப் 1948-இல் சொன்ன அளவு முறை. வளைவின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் மிக அதிகமாகச் சாய்ந்திருக்கிற எலும்புகளைப் பிடித்துக் கோடு போட்டு, இரண்டுக்கும் நடுவில் உள்ள கோணத்தை அளப்பார்கள். 10 டிகிரி எட்டினால்தான் ஸ்கோலியோசிஸ் என்றே சொல்வார்கள். வளர்கிற பிள்ளைக்கு 25-இலிருந்து 40 வரை என்றால் பிரேஸ், 50 பக்கம் போனால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். இன்னொன்று ரிஸ்ஸர் எண், இடுப்பெலும்பின் மேல் விளிம்பு எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை 0-இலிருந்து 5 வரை சொல்வது. 0, 1, 2 என்றால் இன்னும் வளர்ச்சி பாக்கி இருக்கிறது, வளைவும் கூடலாம், பிரேஸுக்கு வேலையும் இருக்கிறது. என் மகளுக்கு முப்பது டிகிரி சொச்சம், ரிஸ்ஸர் 1. பிரேஸ் வேண்டுமா வேண்டாமா என்கிற எல்லையில் இருக்கிறாள் என்று நினைத்துப் போன எனக்கு, கண்டிப்பாகப் போட வேண்டிய இடம் என்று அங்கேதான் புரிந்தது.

பிரேஸ் செய்கிற பட்டறையில் நடந்ததைச் சொல்ல எனக்கு ரொம்பப் பிடிக்கும். உடம்பில் மெல்லிய குழாய்த் துணியை மாட்டி, அதன் மேல் நனைத்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பட்டையைச் சுற்றி, இறுகியதும் முன்பக்கம் கத்தியால் கீறிக் கழற்றினார்கள். அந்தக் கூட்டுக்குள் பிளாஸ்டர் கரைசலை ஊற்றினால் அவள் உடம்பின் அச்சு கிடைக்கும். முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான். எங்கே அழுத்த வேண்டுமோ அங்கே அச்சைச் செதுக்கிப் பள்ளமாக்குகிறார்கள், அதற்கு எதிர்ப்பக்கம் உடம்பு நகர்ந்துபோக இடம் வேண்டுமே, அங்கே பிளாஸ்டரைப் பூசி மேடாக்குகிறார்கள். பாலிபுரோப்பிலீன் தகட்டை அடுப்பில் சூடாக்கித் துவளவிட்டு, அச்சின் மேல் போர்த்திக் காற்றை உறிஞ்சி ஒட்டவைத்து, ஆறியதும் வெட்டி, வெல்க்ரோ பட்டை வைத்தால் முடிந்தது. சில இடங்களில் பிளாஸ்டரே இல்லாமல் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் அச்சை வெட்டுகிறார்களாம். எப்படிச் செய்தாலும், உள்ளே கையை விட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் தடித்த பேட், எதிர்ப்பக்கம் காலி இடம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற பிரேஸைக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

பழைய ஃபேஷன் கார்செட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு விளங்கியது இந்தக் காலி இடத்தில்தான். கார்செட் இடுப்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே சீராக இறுக்குகிறது, உள்ளே இருப்பது மேலேயோ கீழேயோ ஒதுங்க வேண்டியதுதான். பிரேஸ் மூன்று இடங்களில் மட்டும் தள்ளுகிறது, மற்ற இடத்தில் உடம்பை விட்டுவிடுகிறது.

இந்த யோசனை ரொம்பப் பழசு. 16ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் ஆம்புருவாஸ் பாரே என்ற அறுவை வைத்தியர், அரசர்களுக்கே வைத்தியம் பார்த்தவர், வளைந்த முதுகுக்காகப் போர்க்கவசம் செய்கிற கொல்லர்களிடம் மெல்லிய இரும்பில் கார்செட் செய்யச் சொன்னார். கனம் குறைய ஓட்டை போட்டு, உள்ளே மெத்தை வைத்து, வளர்கிற பிள்ளைக்கு அடிக்கடி மாற்ற வேண்டும் என்றும் எழுதிவைத்தார். அதே ஆள், சின்னப் பெண்களின் உடம்பை இறுக்கக் கட்டிக் கோணலாக்குகிறார்கள் என்று திட்டியும் எழுதினார். நானூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நம் டாக்டர்கள் சொல்வதில் பெரிய மாற்றம் இல்லை.

ஃபேஷன் பக்கம் வந்தால், அந்தக் காலத்துக் கார்செட்டுக்கு விறைப்புக் கொடுத்தது திமிங்கிலத்தின் வாயில் கடல்நீரை வடிகட்டத் தொங்குகிற தகடு. நம் நகம், மாட்டுக்கொம்பு எதனால் ஆனதோ அதே பொருள்தான். நீளவாக்கில் மெல்லிய குச்சியாகப் பிளக்கலாம், சூடு பட்டால் வளையும், ஆறினால் அந்த வடிவத்திலேயே நிற்கும், போட்டவரின் உடம்புச் சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக அவர் உடம்புக்குப் பழகிவிடும். இரண்டு லைனிங் துணிக்கு நடுவே வரிசை வரிசையாகத் தையல் போட்டு அந்தக் குச்சிகளைச் சொருக வேண்டும், கெட்டித் துணியில் எல்லாம் கைத்தையல். 18ஆம் நூற்றாண்டில் இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அமெரிக்க விடுதலைக்குத் தூண்டுகோலாக எழுதிய தாமஸ் பெயின்கூட இங்கிலாந்தின் தெட்ஃபோர்டில் அப்பாவிடம் இந்தத் தொழிலைக் கற்றவர்தான், எனக்கு அதைப் படித்ததும் ஒரு சந்தோஷம். ஐரோப்பாவில் நடை பழகுகிற குழந்தைகளுக்கும், ஆண் பெண் இருவருக்குமே, முதுகு நேராக வளரட்டும் என்று இதைப் போட்டுவிட்டார்கள். நல்ல முதுகுக்கு முட்டுக்கொடுத்தால் அது நேராக வளரும் என்ற அந்த நம்பிக்கை இன்றும் போகவில்லை, ஆன்லைனில் குழந்தைகளுக்கு விற்கிற கூன் நிமிர்த்தும் பெல்ட்டைப் பார்த்தால் தெரியும்.

கார்செட்டை ரொம்ப இறுக்குவது சாத்தியமானது ஒரு சின்ன உலோக வளையத்தால். 1820கள்வரை கயிறு கோக்கும் ஓட்டைகளைக் கையால் நூல் சுற்றித்தான் தைத்தார்கள், பலமாக இழுத்தால் துணி கிழிந்துவிடும். உலோக ஐலெட் வந்த பிறகு எவ்வளவு இழுத்தாலும் தாங்கியது. திமிங்கிலத் தகட்டுக்குப் பதிலாக எஃகுப் பட்டையும், முன்பக்கம் கொக்கி போட்டுத் தானே மாட்டிக்கொள்ளும் வசதியும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவின. ஏழைப் பெண்களும் போட்டார்கள், மில் வேலைக்குப் போகிறவர்களும் போட்டார்கள். இருந்தாலும் பதினாறு அங்குல இடுப்பு என்பதையெல்லாம் அப்படியே நம்ப வேண்டாம். மியூசியத்தில் இருக்கிற கார்செட்டின் அளவு வேறு, அதைப் போட்டவரின் இடுப்பளவு வேறு, பின்னால் கயிற்றுக்கு நடுவே இரண்டு அங்குலம்போல இடைவெளி விட்டுத்தான் கட்டுவார்கள். இடுப்பு சிறுக்க விலா எலும்பை எடுத்துவிடுவார்கள் என்பதும் கதைதான், அதற்குச் சான்று கிடையாது. அந்தக் காலத்து டாக்டர்கள் காசநோய் உட்பட எல்லாவற்றுக்கும் கார்செட்டின் மேல் பழி போட்டார்கள். உண்மையாக நடந்தது, மூச்சு வயிறுவரை இறங்காமல் மார்பின் மேல்பக்கமே நின்றது, முதுகுத் தசை வேலை செய்யாமல் பலம் குறைந்தது, சின்ன வயதிலிருந்து போட்டவர்களின் விலா எலும்பு உள்வாங்கியது.

1908-இல் பாரிஸில் ஓஃபாலோவெல் என்ற டாக்டர் பெண்களைக் கார்செட்டோடும் கார்செட் இல்லாமலும் எக்ஸ்ரே எடுத்துப் புத்தகமாகப் போட்டார். இன்றைக்கு அந்தப் படங்களைப் போட்டு ‘பார்த்தீர்களா கொடுமையை’ என்று ஃபார்வர்டு வருகிறது. ஆனால் அவருக்குக் கார்செட்டை ஒழிக்கும் எண்ணம் இல்லை, உடம்பைக் கெடுக்காத கார்செட் எது என்று காட்டத்தான் எடுத்தார். என் மகளுக்கும் அதே வேலையைத்தான் செய்தார்கள். பிரேஸ் பழகின பிறகு அதைப் போட்டபடியே ஓர் எக்ஸ்ரே. முப்பது சொச்சம் பிரேஸுக்குள் பதினைந்துக்குப் பக்கத்தில் வந்திருந்தது. பாதியளவு குறைந்தால் நல்ல அறிகுறி என்றார்கள். இந்த எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்குங்கள், இது இல்லாமல் பிரேஸ் வேலை செய்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. வெளியே பார்க்க நேராகத் தெரிவதை வைத்து முடிவு செய்யக்கூடாது, நேராகக் காட்டுவதை நானே ஒரு ஷோல்டர் பேட் வைத்துச் செய்துவிடுவேன்.

சரி, வீட்டில் நடந்ததுக்கு வருகிறேன். முதல் நாளே முழு நேரம் போடவைக்காதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தொடங்கி, ஓரிரு வாரத்தில் டாக்டர் சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோகலாம். படுக்கவைத்துப் பட்டையை இறுக்குவது சுலபம், எந்த இடம்வரை இழுக்க வேண்டும் என்று பட்டறையிலேயே மார்க்கரில் கோடு போட்டு வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பாவம் பார்த்து நாமே தளர்த்திவிடுவோம். தளர்ந்த பிரேஸ் சும்மா சுமைதான், உரசிப் புண்ணாக்கவும் செய்யும்.

உள்ளே போடுகிற பனியனில் பக்கத் தையல் இருக்கக்கூடாது, மடிப்பு விழக்கூடாது, பிரேஸைவிட நீளமாக இருக்க வேண்டும். இந்த ஊரில் இருப்பதில் எனக்குக் கிடைத்த லாபம் இது. வட்டப் பின்னல் மெஷினில் குழாயாகவே இறங்குகிற காட்டன் துணியை எடைக்கு வாங்கி, கழுத்தும் கையும் மட்டும் வெட்டி டஜன் கணக்கில் தைத்துவிட்டேன். வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மாற்ற வேண்டும். பவுடர், தேங்காய் எண்ணெய், கிரீம் எதையும் பிரேஸுக்குள் போடாதீர்கள், தோல் ஊறி மென்மையாகிச் சீக்கிரம் உரிந்துவிடும். பேட் அழுத்துகிற இடம் சிவப்பது சரிதான், கழற்றி அரை மணி நேரத்தில் மறைந்துவிட வேண்டும். மறையவில்லை, கொப்புளம் வந்துவிட்டது என்றால் பட்டறைக்குப் போய்த் தேய்த்து வாங்கி வாருங்கள், வீட்டில் கத்தியால் செதுக்கிப் பார்க்கிற வேலை வேண்டாம். சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுங்கள், சாப்பிட்ட கையோடு சிறிது நேரம் தளர்த்திக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜட்டியைப் பிரேஸுக்கு மேலே போடச் சொல்லுங்கள், பாத்ரூம் போகும்போது கழற்ற வேண்டியிருக்காது. இந்தியன் டாய்லெட்டில் குந்துவது கஷ்டம், அதனால் பள்ளியில் முதல் வேலையாக ஒரு வெஸ்டர்ன் டாய்லெட்டைப் பயன்படுத்த அனுமதி வாங்கினேன். விளையாட்டு நேரத்தில் கழற்றிவிட்டு நன்றாக ஓடட்டும், அது தடை இல்லை, தேவையே.

மற்ற பிள்ளைகள் தட்டிப் பார்ப்பார்கள், டொக் டொக் என்று சத்தம் வரும். மகள் முதல் வாரம் அழுதாள். என் சமாதானத்தைவிட அவளுக்கு உதவியது பிரீடா காலோதான். மெக்சிகோ ஓவியர், 1925-இல் பஸ் விபத்தில் முதுகுத்தண்டு உடைந்து, வாழ்நாள் பூராவும் பிளாஸ்டர், தோல், எஃகு என்று விதவிதமான கார்செட்டுகளில் காலம் தள்ளியவர். பிளாஸ்டர் கார்செட்டுகளின் மேலேயே படம் வரைந்துவிட்டார், 2018-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் அவற்றைக் கண்காட்சியாகவே வைத்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு இவளும் பெயிண்டை எடுத்தாள். இரண்டாவது பிரேஸுக்குப் பூப்போட்ட தகட்டை அவளே தேர்ந்தெடுத்தாள், பிளாஸ்டிக் சூடாக இருக்கும்போதே டிசைனை ஏற்றிவிடுகிறார்கள்.

எத்தனை மணி நேரம் என்பதில்தான் எல்லா வீட்டிலும் சண்டை. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேர் 50 டிகிரியை எட்டாமல் வளர்ச்சியை முடித்தார்கள், போடாமல் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் 48 சதவீதம். அதாவது போடாமலும் பாதிப் பேர் தப்பித்தார்கள், போட்டும் சிலருக்குக் கூடியது. இதை மறைக்காமல் பிள்ளையிடம் சொன்னேன். ஆனால் பிரேஸுக்குள் வெப்பத்தைப் பதிகிற கருவி வைத்து உண்மையான நேரத்தைக் கணக்கெடுத்ததில், நாளுக்கு 13 மணி நேரம் அளவுக்கோ அதற்கு மேலோ போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் தப்பித்திருந்தார்கள். டாக்டர்கள் 18 மணி நேரம் எழுதுவது, நாம் எப்படியும் குறைப்போம் என்று தெரிந்துதானோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. எங்கள் வீட்டில் ராத்திரித் தூக்கத்தை முழுசாகப் பிரேஸுக்கு விட்டோம், கல்யாணம் காட்சி என்றால் கழற்றிவிட்டு மறுநாள் ஈடுசெய்துகொண்டோம்.

உடற்பயிற்சியை விட்டுவிடாதீர்கள், கார்செட் போட்ட பெண்களுக்குத் தசை தளர்ந்த அதே கதை பிரேஸுக்கும் நடக்கும். எங்கள் ஃபிசியோ சொல்லிக்கொடுத்தது ஷ்ராத் முறை. கதரீனா ஷ்ராத் ஜெர்மனிக்காரர், 1894-இல் பிறந்தவர், அவருக்கே ஸ்கோலியோசிஸ், பதினாறு வயதில் எஃகு பிரேஸ் மாட்டிவிட்டார்கள். பந்தைக் காற்றடித்து அமுங்கின இடத்தை எழுப்புகிற மாதிரி, குழிந்த விலாப்பக்கம் மூச்சை இழுத்து நிரப்பினால் என்ன என்று கண்ணாடி முன் நின்று தனக்குத் தானே பழகி, 1921-இல் மைசன் நகரில் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பிரேஸின் காலி இடம் இருக்கிறதே, அந்த இடத்துக்குள் மூச்சை அனுப்புவதுதான் பயிற்சி.

கடைக்கு வருகிறவர்கள் இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தங்கள் பெல்ட்டைப் பற்றி விசாரிப்பார்கள். இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்குகிற எல்எஸ் பெல்ட் கார்செட்டின் நேரடி வாரிசு, அமெரிக்காவில் கேம்ப் கம்பெனி மாதிரி கார்செட் தைத்தவர்களே ஃபேஷன் மாறியதும் மருத்துவப் பெல்ட்டுக்கு மாறினார்கள். ஆனால் சாதாரண இடுப்பு வலிக்குப் பெல்ட்டோ கார்செட்டோ கொடுக்காதீர்கள் என்றே பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கிற நைஸ் அமைப்பு 2016-இல் டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டது. எலும்பு முறிவு, ஆபரேஷன் என்று டாக்டர் பார்த்து எழுதிக்கொடுத்தது வேறு. மெஷினில் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்ட எனக்குப் பலன் தந்தது, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்ததும் ஸ்டூலின் உயரத்தை மாற்றியதும்தான். பிரசவமான பிறகு வயிற்றில் பழைய வேட்டி கட்டுவது நம் பாட்டிமார் வழக்கம், இருமும்போதும் எழும்போதும் ஆதரவாக இருக்கும், சிசேரியன் ஆனவர்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே பெல்ட் கொடுக்கிறார்கள். வயிற்றுக் கொழுப்பு அதனால் கரையாது. இடுப்பை ஒடுக்கித் தருகிறேன் என்று விற்கிற பெல்ட்டும் அப்படித்தான், கழற்றினதும் இடுப்பு பழையபடிதான் இருக்கும்.

வளர்ச்சி நின்றது உறுதியான பிறகு ஒரே நாளில் கழற்றச் சொல்லவில்லை, நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் ராத்திரி மட்டும், அப்புறம் அதுவும் இல்லை. பிரேஸுக்குள் குறைந்த கோணம் அப்படியே நிற்காது, பெரும்பாலும் ஆரம்பித்த இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும், மகளுக்கும் முப்பதுக்குப் பக்கத்தில்தான் நின்றது. முதுகு நேராகிவிடும் என்று நம்பிப் போடவைத்தால் அந்தக் கடைசி எக்ஸ்ரேயில் பிள்ளை உடைந்துபோகும், அதனால் கூடாமல் தடுப்பதுதான் பிரேஸின் வேலை என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். அவளுடைய பழைய பிரேஸைக் கேட்டு இரண்டு மூன்று பேர் வந்தார்கள், புதிதாகச் செய்ய ஆகிற செலவு அப்படி, கேட்பதில் தப்பில்லை. நான் கொடுக்கவில்லை. வளைவு இடப்பக்கமா வலப்பக்கமா, மேலேயா கீழேயா என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் மாறும், அவளுக்குச் செதுக்கின பேட் இன்னொரு பிள்ளையின் தப்பான விலாவைப் போய்த் தள்ளும். பணம் பிரச்சினை என்றால் அரசு மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவில் முதலில் கேளுங்கள், காப்பீட்டு அட்டையையும் கையோடு எடுத்துப்போங்கள்.